மீன் தொட்டித் தண்ணீர் கலங்குதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எனக்கு வரும் வாட்ஸ்அப் செய்திகளில் ஒரு ரகம் உண்டு. மோர் நிறத்தில் ஒரு தொட்டியின் போட்டோ, உள்ளே மங்கலாக ஆரஞ்சு நிறத்தில் ஏதோ நிழல், கீழே "அண்ணா, என்ன பண்றது?" என்று ஒரு வரி. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதிக் கை ஓய்ந்துவிட்டது, அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் போடுகிறேன். சென்னை வீடுகளில் நான் அதிகம் பார்ப்பது 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரத் தொட்டி, கணக்கெல்லாம் அதற்கே. விளிம்புவரை நிரப்பினால் 56 லிட்டர் பிடிக்கும். கல், மேலே விடும் இடைவெளி எல்லாம் போக 45 லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர் கலங்கிவிட்டது. முதலில் என்ன செய்வது?

எதையும் ஊற்றாதீர்கள், எதையும் கழுவாதீர்கள். ஒரு கண்ணாடி டம்ளரில் தொட்டித் தண்ணீரை எடுத்து, பின்னால் வெள்ளைத் தாள் வைத்து வெளிச்சத்தில் பாருங்கள். பால் கலந்த மாதிரி வெள்ளையா, பச்சையா, டிகாஷன் மாதிரி பழுப்பா? தொட்டியில் பார்க்கும்போது பின்பக்க ஸ்டிக்கரும் லைட்டும் சேர்ந்து நிறத்தை ஏமாற்றும், டம்ளரில் ஏமாற்றாது. அப்புறம் மூக்கைக் கிட்டே கொண்டுபோய் முகர்ந்து பாருங்கள். நல்ல தொட்டித் தண்ணீரில் மழை பெய்த மண் மாதிரி ஒரு வாசனை இருக்கும். அழுகல் நாற்றம் வந்தால் உள்ளே எங்கோ ஏதோ செத்துக் கிடக்கிறது.

அதற்கடுத்து மீனைப் பாருங்கள். சாதாரணமாக நீந்தி, தீனி தின்றால் உங்களுக்கு அவகாசம் இருக்கிறது, நிதானமாகப் படிக்கலாம். மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகிறது என்றால் கீழே "மீன் மேலே வந்து மூச்சு வாங்குது" என்ற கேள்விக்கு நேராகப் போய்விடுங்கள்.

தொட்டி வைத்து நாலு நாள்தான் ஆகிறது. முதல் நாள் பளிங்கு மாதிரி இருந்தது, இப்போது பால் மாதிரி ஆகிவிட்டது. ஏன்?

புதுத் தொட்டி வைக்கும் எல்லாருக்கும் வருவது இது. முதல் நாளே கலங்கியிருந்தால் அது கழுவாத கல்லின் தூசி, ஓரிரு நாளில் படிந்துவிடும். கடையில் "கழுவின கல்" என்று கொடுத்தாலும் வாளியில் போட்டு அரிசி களைவது போலக் களைந்து, தண்ணீர் தெளியும்வரை கொட்ட வேண்டும், பத்துத் தடவையாவது ஆகும். ஆனால் மூன்றாம் நாள், நாலாம் நாள் வெளுக்க ஆரம்பிப்பது தூசி இல்லை, பாக்டீரியா.

இட்லி மாவை நினைத்துக்கொள்ளுங்கள். அரைத்து வைத்த மாவில் யாரும் கிருமியைக் கொண்டுவந்து போடுவதில்லை, இருந்ததே பெருகிக் காலையில் பாத்திரத்துக்கு வெளியே வழிகிறது. தொட்டியிலும் அதே கதைதான். மீன் தின்னாமல் விட்ட தீனி, கழிவு, மீன் உடம்பின் வழுவழுப்பு, இதையெல்லாம் தின்னும் ஒரு வகை பாக்டீரியா சாப்பாடு கிடைத்ததும் மணிக்கணக்கில் இரட்டிப்பாகும். அது தண்ணீரில் மிதந்துகொண்டே இருப்பதால்தான் வெள்ளையாகத் தெரிகிறது. மாவு மே மாதத்தில் சீக்கிரம் பொங்கி, டிசம்பரில் மெதுவாகப் பொங்குகிறதே, இதுவும் அப்படித்தான்.

இன்னொரு வகை பாக்டீரியாவும் உண்டு, நமக்கு வேண்டியது அதுதான். மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றுவது அது. மிதக்காது, ஃபில்டர் பஞ்சிலும் கல்லிலும் கண்ணாடியிலும் ஒட்டிக்கொண்டு வாழும். இரட்டிப்பாக ஒரு நாள்கூட எடுத்துக்கொள்ளும் சோம்பேறி. அதனால் முதலில் வெள்ளைக்காரர்கள் வந்து ஆட்டம் போட்டுவிட்டு, சாப்பாடு தீர்ந்ததும் அடங்குவார்கள். நாலு நாளில் அடங்கலாம், இரண்டு வாரமும் ஆகலாம். நீங்கள் செய்ய வேண்டியது தீனியைப் பாதியாகக் குறைப்பது, ஏர் மோட்டாரை ராத்திரி பகல் ஓடவிடுவது, கையைக் கட்டிக்கொண்டு இருப்பது. மூன்றாவதுதான் கஷ்டம்.

தண்ணீர் தெளிந்துவிட்டது. இனி பயமில்லையே?

இங்கேதான் நிறைய பேர் மீனைப் பறிகொடுக்கிறார்கள். அம்மோனியா கண்ணுக்குத் தெரியாது. கண்ணாடி மாதிரி தெளிந்த தண்ணீரில் மீன் செத்து மிதப்பதும், கலங்கலில் மீன் ஜாலியாக இருப்பதும் இரண்டுமே நடக்கும். புதுத் தொட்டியில் அந்தச் சோம்பேறி பாக்டீரியா முழுசாகக் குடியேற 4 முதல் 6 வாரம் ஆகும், அதுவரை இரண்டு மூன்று சின்ன மீனோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

போர் தண்ணீர் ஊற்றுகிறவர்கள் இன்னும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அம்மோனியாவில் மீனைக் கொல்லும் பங்கு எவ்வளவு என்பதை பிஎச் அளவும் (தண்ணீர் எவ்வளவு புளிப்பு, எவ்வளவு காரம் என்பதைச் சொல்லும் எண்) சூடும்தான் முடிவு செய்கின்றன. 25 டிகிரி, பிஎச் 7 என்றால் மொத்த அம்மோனியாவில் விஷமாக இருப்பது 1 சதவீதத்துக்கும் குறைவு. பிஎச் 8 ஆனால் 5 சதவீதத்தைத் தாண்டிவிடும், அதே பிஎச் 8-இல் தண்ணீர் 30 டிகிரிக்குச் சூடேறினால் ஏழெட்டு சதவீதம். அதாவது ஒரே அளவு கழிவு, ஒருவர் வீட்டில் ஒன்றும் செய்யாது, இன்னொருவர் வீட்டில் சித்திரை வெயிலில் ஆளையே காலி பண்ணிவிடும். சொட்டு விட்டு நிறம் பார்க்கும் அம்மோனியா டெஸ்ட் கிட் ஒன்று வாங்கி வையுங்கள். அந்தக் காசுக்கு இரண்டு மீன் வாங்கலாமே என்று தோன்றும். தோன்றட்டும், கிட்டையே வாங்குங்கள்.

வாராவாரம் ஞாயிற்றுக்கிழமை முழுசாகக் காலி செய்து கழுவுகிறோம். ஆனாலும் செவ்வாய்க்கிழமை கலங்கிவிடுகிறது!

"ஆனாலும்" என்று எழுதியிருக்கிறீர்கள், அந்த இடத்தில் "அதனால்தான்" என்று போட்டுப் படியுங்கள்.

நானும் முதல் இரண்டு வருடம் இதைத்தான் செய்தேன். ஞாயிறு காலை மீனைப் பிடித்து வாளியில் போடுவது, தொட்டியைத் துணி துவைக்கும் கல் பக்கம் தூக்கிக்கொண்டு போய்த் தேய்ப்பது, கல்லை மொட்டைமாடியில் வெயிலில் காயப்போடுவது, பஞ்சைக் குழாயடியில் வெள்ளை வெளேரென்று வரும்வரை பிழிவது. அப்பா பக்கத்தில் நின்று "இன்னும் அந்த மூலையில அழுக்கு இருக்கு பார்" என்பார். ஒவ்வொரு ஞாயிறும் தொட்டியில் இருந்த நல்ல பாக்டீரியா மொத்தத்தையும் குடும்பத்தோடு சேர்ந்து ஒழித்துக்கொண்டிருந்தோம். ஒவ்வொரு திங்களும் அது புதுத் தொட்டிதான். புதுத் தொட்டி மூன்றாம் நாள் வெளுக்கத்தானே செய்யும்?

இப்போது செய்வது இதுதான். வாரம் ஒரு தடவை கால் பங்கு தண்ணீர், அதாவது 11 அல்லது 12 லிட்டர், ஒரு பக்கெட்கூட நிறையாது. டியூபை விட்டுக் கல்லுக்குள் குத்திக் குத்தி இழுத்தால் அடியில் கிடக்கும் கழிவு தண்ணீரோடு வந்துவிடும். மீனை வெளியே எடுக்கவே வேண்டாம். கண்ணாடியில் முன்பக்கம் மட்டும் பாசியைத் துடைத்தால் போதும். ஃபில்டர் பஞ்சைக் குழாயடிக்குக் கொண்டுபோகாமல், வெளியே எடுத்த அந்தத் தொட்டித் தண்ணீரிலேயே இரண்டு மூன்று தடவை பிழியுங்கள், அதுவும் தண்ணீர் ஓட்டம் குறைந்தால் மட்டும். பஞ்சு பழுப்பாகவே இருக்கட்டும், அந்தப் பழுப்புக்குள்தான் நாம் வளர்த்த ஆட்கள் இருக்கிறார்கள். பஞ்சு நைந்துபோய் மாற்றியே ஆக வேண்டுமென்றால் பாதியை வெட்டி மாற்றி, மீதியை ஒரு மாதம் கழித்து மாற்றுங்கள். சோப்பு, பாத்திரம் கழுவும் திரவம், எதுவும் பக்கத்திலேயே வரக் கூடாது.

எந்தத் தண்ணீர் ஊற்றுவது? மெட்ரோ வாட்டர், போர், லாரி, கேன் எல்லாம் இருக்கிறது.

மெட்ரோ வாட்டரில் குளோரின் இருக்கும், அது மீனின் செவுளையும் பஞ்சில் இருக்கும் பாக்டீரியாவையும் சேர்த்தே அரிக்கும். அகலமான வாளியில் பிடித்து 24 மணி நேரம் திறந்து வையுங்கள், உள்ளே ஏர் மோட்டார் கல்லைப் போட்டால் இன்னும் சீக்கிரம் போய்விடும். அவசரமென்றால் மீன் கடைகளில் கிடைக்கும் குளோரின் நீக்கியைப் போடலாம், பெரும்பாலும் அது சோடியம் தயோசல்ஃபேட்தான். மழைக்காலத்தில் குழாயைத் திறந்ததுமே குளோரின் வாசனை தூக்கலாக அடிக்கும் நாட்கள் உண்டு, அன்றைக்குத் தண்ணீர் மாற்றுவதைத் தள்ளிப் போடுங்கள்.

போர் தண்ணீரில் குளோரின் இல்லை, ஆனால் உப்பும் சுண்ணாம்பும் அதிகம். குடிநீருக்கான இந்தியத் தரக் கணக்கில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மி.கி.க்குள் இருக்க வேண்டும், வேறு வழியே இல்லையென்றால் 600 வரை. பல போர்கள் இதைச் சாதாரணமாகத் தாண்டும். மோலி, கப்பி அதிலும் சந்தோஷமாக இருக்கும், டெட்ரா மாதிரி ரகங்கள் வாடிப்போகும். லாரி தண்ணீர் ஒவ்வொரு லாரிக்கும் ஒவ்வொரு மாதிரி, அதனால் ஒரே தடவையில் நிறைய மாற்றாதீர்கள்.

ஆர்ஓ கேன் தண்ணீரை மட்டுமே ஊற்றுவதும் தப்பு. தாது உப்பு அநேகமாக இல்லாத தண்ணீரில் பிஎச் நிலையாக நிற்காது. போர் தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலந்தால் நன்றாகவே இருக்கும். ஆர்ஓ மெஷின் வெளியே தள்ளும் கழிவுத் தண்ணீரை வீணாக்காமல் தொட்டிக்கு ஊற்றலாமா என்று மாதத்துக்கு ஒருவராவது கேட்கிறார்கள். போரில் இருந்த உப்பு இன்னும் செறிவாகி வருவதுதான் அது, வீடு துடைக்க வைத்துக்கொள்ளுங்கள்.

குழாயில் பிடிக்கும்போதே வெள்ளையாக வருகிறதே?

டம்ளரில் பிடித்து வையுங்கள். கீழிருந்து மேலாக ஒரு நிமிடத்தில் தெளிந்தால் வெறும் காற்றுக் குமிழி. நிரப்பி சில மணி நேரம் கழித்து லேசாக மங்கி, கண்ணாடி ஓரத்தில் வெள்ளை வெள்ளையாகப் படிந்தால் போர் தண்ணீரின் சுண்ணாம்பு. டம்ளரில் கொஞ்சம் எடுத்து நாலு சொட்டு வினிகர் விட்டுக் கலக்குங்கள், சுண்ணாம்பு மங்கல் தெளிந்துவிடும், பாக்டீரியா மங்கல் அப்படியே நிற்கும். சோதித்த தண்ணீரைச் சிங்க்கில் கொட்டுங்கள், தொட்டியில் வேண்டாம்.

தண்ணீர் பச்சையாகிவிட்டது. பாதி மாற்றினாலும் மூன்று நாளில் திரும்பப் பச்சை.

கண்ணுக்குத் தெரியாத ஒற்றைச் செல் பாசி அது. பாதித் தண்ணீரை மாற்றினால் பாதிப் பாசி மிச்சம் இருக்கும், வெயிலும் நைட்ரேட்டும் இருந்தால் ஓரிரு நாளில் பழையபடி நிறைந்துவிடும். சாதாரணப் பஞ்சிலும் மாட்டாது, அவ்வளவு பொடிசு. பச்சை என்றதும் நான் கேட்கும் முதல் கேள்வி, தொட்டி எங்கே இருக்கிறது? ஜன்னலோரம், பால்கனி, இல்லையென்றால் ராத்திரி பதினோரு மணிவரை லைட் எரிகிறது. மூன்றில் ஒன்று நிச்சயம்.

வைத்தியம், இருட்டு. லைட்டை அணைத்து, தொட்டியை நாலு பக்கமும் மேலேயும் பழைய போர்வையால் துளி வெளிச்சம் புகாமல் மூடி நாலு நாள் வையுங்கள். ஏர் மோட்டார் கண்டிப்பாக ஓட வேண்டும், ஏனென்றால் இருட்டில் பாசியும் மூச்சு வாங்கும், சாகும் பாசி அழுகும்போதும் ஆக்சிஜன் குறையும். தீனி வேண்டாம், பெரிய மீன் நாலு நாள் தின்னாமல் இருப்பது ஒரு விஷயமே இல்லை. நடுவில் "கொஞ்சம் எட்டிப் பார்க்கலாமா" என்று போர்வையைத் தூக்காதீர்கள். நாலாம் நாள் திறந்து 40 சதவீதம் தண்ணீர் மாற்றுங்கள். அதன்பிறகு லைட் ஒரு நாளைக்கு 6 முதல் 8 மணி நேரம்தான், தொட்டியை வெயில் படாத சுவரோரம் நகர்த்திவிடுங்கள். காசு செலவழிக்கத் தயார் என்றால் யுவி ஃபில்டர் ஒன்று மாட்டினால் பச்சை ஒரு வாரத்தில் காணாமல் போகும்.

ஒரு விஷயம், பச்சைத் தண்ணீர் மீனுக்குக் கெடுதல் இல்லை. குஞ்சு வளர்ப்பவர்கள் சிமெண்ட் தொட்டியில் வேண்டுமென்றே பச்சையாக விட்டு வைப்பார்கள், அதை நம்பி வரும் பொடி உயிர்கள் குஞ்சுக்குத் தீனி. வரவேற்பறையில் அது அழகாக இல்லை, அவ்வளவுதான்.

டீ கலரில் இருக்கிறது, ஆனால் தெளிவாகத்தான் இருக்கிறது.

மரக்கட்டை போட்டிருப்பீர்கள், துவர்ப்புச் சத்து இறங்குகிறது. கெடுதல் இல்லை. ஃபைட்டர் மீன் வளர்ப்பவர்கள் இந்த நிறத்துக்காகவே காய்ந்த நாட்டு வாதுமை இலை போடுகிறார்கள். பிடிக்கவில்லையென்றால் கட்டையை எடுத்துக் கொதிக்கவைத்து, ஒரு வாரம் ஊறப்போட்டு, தண்ணீரை மாற்றி மாற்றி விடுங்கள். ஃபில்டரில் கரி வைத்தாலும் நிறம் இழுக்கும்.

படிகாரம் போடலாமா? தேத்தாங்கொட்டை?

பாட்டி குடத்தில் தேத்தாங்கொட்டை இழைத்ததைப் பார்த்து வளர்ந்தவன் நான், அதனால் இந்தக் கேள்வியைக் கிண்டல் செய்ய மாட்டேன். ஆற்றுத் தண்ணீரில் கலங்கலாக இருப்பது மண், அதை இவை கட்டியாகச் சேர்த்து அடியில் உட்காரவைக்கும், மேலே தெளிந்ததை நாம் மொண்டு குடிப்போம். குடத்துக்குள் யாரும் குடியிருக்கவில்லையே! தொட்டியில் படிகாரம் போட்டால் பிஎச் இறங்கும், மென்மையான தண்ணீராக இருந்தால் மளமளவென்று இறங்கும், அப்படிப் புளித்த தண்ணீரில் அதிலிருக்கும் அலுமினியம் செவுளைத் தாக்கும். இதெல்லாம் தாண்டித் தண்ணீர் தெளிந்தாலும், கலங்க வைத்த அழுக்கு அடியில் அப்படியேதான் கிடக்கும்.

கடையில் தண்ணீர் தெளிய ஒரு சொட்டு மருந்து கொடுத்தார்களே?

அதுவும் பெரும்பாலும் இதே வேலைதான் செய்யும், பொடிப்பொடியாக மிதப்பதைத் திரட்டிப் பஞ்சில் மாட்டவைக்கும். தூசிக் கலங்கலுக்குப் பரவாயில்லை. பாக்டீரியாக் கலங்கலுக்குப் போட்டால் இரண்டு நாள் தெளிந்து மூன்றாம் நாள் திரும்ப வரும், அப்போது நாம் இரண்டு மடங்கு ஊற்றுவோம். நான் ஊற்றினேன். ஒரு கடைக்காரர் "இன்னும் ரெண்டு மூடி போடுங்க, ஒண்ணும் ஆகாது" என்றார், மறுநாள் காலை மூன்று பிளாக் மோலி போய்விட்டது. மருந்தைவிட, ஏற்கெனவே மூச்சு முட்டிக்கொண்டிருந்த தொட்டியில் ஏர் மோட்டார் இல்லாமல் வைத்திருந்த என் மேல்தான் தப்பு அதிகம்.

நீல நிற மருந்து கொடுத்தால் அது பொதுவாக மெத்திலீன் ப்ளூ. பூஞ்சைக்கு நல்ல மருந்து, கலங்கலுக்குச் சம்பந்தமே இல்லை. பஞ்சில் இருக்கும் நல்ல பாக்டீரியாவையும் அடிக்கும், கண்ணாடி ஒட்டியிருக்கும் சிலிக்கானையும் நீலமாக்கும். தனி வாளியில் நோயாளி மீனுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று வருடம் நன்றாக இருந்த தொட்டி திடீரென்று கலங்கிவிட்டது.

போன ஒரு வாரத்தில் என்ன மாறியது என்று வீட்டில் விசாரியுங்கள், கொஞ்சம் போலீஸ் மாதிரி. மீனை எண்ணுங்கள், ஒன்று குறைந்தால் கட்டைக்குப் பின்னால் தேடுங்கள். நத்தை செத்திருந்தால் நாற்றம் தாங்காது. பஞ்சை மாற்றினீர்களா, மருந்து போட்டீர்களா, புது மீன் விட்டீர்களா? ஊரிலிருந்து வந்த குழந்தை யாராவது தீனி போட்டதா? என் அக்கா பையன் ஒரு டப்பா முழுவதையும் "மீனுக்குப் பசிக்குது மாமா" என்று கொட்டிவிட்டு என்னிடமே பெருமையாக வந்து சொன்னான்.

கரண்ட் போனதையும் கணக்கில் சேருங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எங்கள் தெருவில் இரண்டு நாளைக்கு மேல் கரண்ட் இல்லை. அரை மணிக்கு ஒரு தடவை மக்கில் தொட்டித் தண்ணீரை மொண்டு உயரத்திலிருந்து திரும்ப ஊற்றிக்கொண்டே இருந்தோம், வீட்டில் எல்லாரும் முறை வைத்து, ராத்திரியும். மீன் பிழைத்தது. ஆனால் மூடிய கேனிஸ்டர் ஃபில்டருக்குள் ஆக்சிஜன் தீர்ந்து பாக்டீரியா செத்திருக்கும் என்பது உறைக்காமல், கரண்ட் வந்ததும் சுவிட்சைப் போட்டேன், கறுப்பாக நாற்றத்தோடு ஒரு குடம் தண்ணீர் தொட்டிக்குள் பாய்ந்தது. சில மணி நேரத்துக்கு மேல் நின்ற மூடிய ஃபில்டரைத் திறந்து, உள்ளிருக்கும் தண்ணீரைக் கொட்டி, பஞ்சை அலசிவிட்டு அப்புறம் ஓட்டுங்கள். பேட்டரியில் ஓடும் சின்ன ஏர் மோட்டார் ஒன்று வீட்டில் இருப்பது நல்லது.

தீனி எவ்வளவு போடுவது? மீன் எப்போதும் பசியாகவே இருக்கிறதே.

மீன் எப்போதும் அப்படித்தான் நடிக்கும். இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு, ஒரு நாளைக்கு ஒன்று அல்லது இரண்டு தடவை. வாரத்தில் ஒரு நாள் பட்டினி.

இந்தத் தொட்டியில் எத்தனை கோல்டு ஃபிஷ் விடலாம்?

சின்னதாக இரண்டு, அதுவும் வளர்ந்ததும் பெரிய தொட்டிக்கு மாற்றுவதாக இருந்தால். ஆறு விட்டுவிட்டுக் கலங்குகிறது என்று கேட்பவர்களுக்கு என்னிடம் வைத்தியம் கிடையாது. கோல்டு ஃபிஷ் நிறைய தின்னும், நிறையக் கழியும், போதாததற்குக் கல்லைக் கிளறிக்கொண்டே இருக்கும். உருண்டைக் கிண்ணத்தில் வைத்திருப்பவர்கள் கிண்ணத்தில் மணிபிளாண்ட் வளருங்கள்.

மீன் மேலே வந்து மூச்சு வாங்குது. என்ன செய்ய?

வெள்ளைக் கலங்கலில் நிஜமான ஆபத்து இதுதான். கோடிக்கணக்கில் பெருகிய பாக்டீரியாவும் மீனும் ஒரே ஆக்சிஜனுக்கு அடித்துக்கொள்கின்றன. 25 டிகிரித் தண்ணீரில் அதிகபட்சமாக லிட்டருக்கு 8 மி.கி. சொச்சம் ஆக்சிஜன் கரையும், நம் கோடையின் 32 டிகிரியில் 7.3 மி.கி. அளவுதான். செடி இருந்தால் விடியற்காலையில்தான் மிகவும் குறைவாக இருக்கும், காலையில் மீன் மேலே தொங்குவதற்கு அது ஒரு காரணம்.

உடனே ஏர் மோட்டாரைப் போடுங்கள். இல்லையென்றால் ஃபில்டர் வாயைத் தண்ணீர் மட்டத்துக்கு ஏற்றி மேற்பரப்பு நன்றாகக் கலங்கும்படி வையுங்கள், அதுவும் இல்லையென்றால் மக்கில் தொட்டித் தண்ணீரை மொண்டு உயரத்திலிருந்து திரும்ப ஊற்றிக்கொண்டே இருங்கள். குளோரின் நீக்கிய, கிட்டத்தட்ட அதே சூட்டில் இருக்கும் தண்ணீரைக் கொண்டு தொட்டியில் மூன்றில் ஒரு பங்கை மாற்றுங்கள். ஐஸ் கட்டி போடாதீர்கள். தீனியை நிறுத்துங்கள். அரை மணி நேரத்தில் மீன் கீழே இறங்கினால் பிரச்சினை ஆக்சிஜன். ஏர் மோட்டார் ஓடியும் இறங்காமல், செவுள் சிவந்து, வேகமாக அடித்துக்கொண்டால் அம்மோனியாவை டெஸ்ட் செய்யுங்கள். கிட்டில் நிறம் ஏறினால் மறுநாளும் மூன்றில் ஒரு பங்கு, அதற்கு மறுநாளும், நிறம் இறங்கும்வரை. பஞ்சை மட்டும் அந்த நாட்களில் தொடாதீர்கள்.